எலியாவுக்குக் கிடைத்த அப்பம்



அனுராதபுரப் பக்கம் சோயா செய்கிறவர்களுக்கு ஒரு கவலை உண்டு. நம் படுவான்கரையில் நெல்லும் கச்சானும்தான் அதிகம் என்றாலும், அந்தக் கவலை நமக்கும் விளங்கும். சேமித்து வைத்த விதை அளவுக்கு மீறிக் காய்ந்துவிடுகிறது. நூற்றுக்கு 13 பங்கு ஈரம் இருந்தால் சோயா நல்லபடி நிற்கும். 10க்குக் கீழே இறங்கினால், சாக்கைத் தூக்கிப் போடும்போதே தோல் வெடித்துப் பருப்பு இரண்டாகப் பிளக்கும்.

உடனே தண்ணீர் தெளிக்கத்தான் கை போகும். ஆனால் காய்ந்த விதை தண்ணீரை ஒரே மூச்சில் இழுக்கும். உள்ளேயுள்ள மெல்லிய சவ்வுகள் கிழிந்து, முளைக்கென்று சேர்த்து வைத்த சத்து வெளியே கசிந்துபோகும். மிச்சத்தைப் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த விதையை மீட்பது ஈரக்காற்று. குவியலுக்குள் அதை மெல்ல மெல்ல விடவேண்டும். நாட்கள் செல்லும், சிலவேளை வாரங்களும் செல்லும்.

காய்ந்துபோன மனிதரையும் கடவுள் இப்படித்தான் மெல்ல மீட்கிறார். சூரைச்செடியின் கீழே சாகக் கேட்டுக் கிடந்த இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பாருங்கள். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. தூங்கவிட்டார். தூதர் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டார், மறுபடியும் படுத்தார். அதற்கும் விட்டார். பிறகு இன்னொரு தடவை அப்பம். ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடை அதற்குப் பிறகுதான்.

நம் ஊர் 1987ஆம் ஆண்டுப் படுகொலையையும் 1991ஆம் ஆண்டுப் படுகொலையையும் கண்ட ஊர். அந்தச் சாவுகளுக்குப் பின் உள்ளுக்குள் காய்ந்துபோனவர்கள் நம் ஒழுங்கைகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் வாளி வாளியாக ஆறுதல் ஊற்றியிருக்கிறோம். நானும் ஊற்றினேன். மகனை இழந்த ஓர் அம்மாவின் விறாந்தையில் இருந்து வேதவசனங்களை அடுக்கிக்கொண்டே போனேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தக் கதவை இன்றும் மறக்கவில்லை.

பிறகும் போனேன், ஒன்றும் சொல்லாமல். பிளேன்ரீ தந்தார், குடித்தேன், வந்தேன். அப்படியே பல மாதம். நீங்களும் இந்தக் கிழமை ஒரு வீட்டுக்குப் போங்கள். அவர்கள் பேசாவிட்டால் நீங்களும் பேசாதீர்கள். அடுத்த கிழமையும் போங்கள்.

ஒருநாள் அந்த அம்மா முற்றத்தில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்து உடைத்தேன். சுளகு நிறைகிற நேரம், தலையை நிமிர்த்தாமலே, மகனின் பெயரைச் சொன்னார்.