பித்தர் நடையும் ஞானியர் நடையும்

சிவபெருமானைப் பித்தன் என்று வைதவர் சுந்தரமூர்த்தி சுவாமிகள். வைத அச்சொல்லையே முதலாக வைத்துப் பாடுக எனப் பணித்தவன் அப்பெருமான். ஆகலின், சைவ நன்மக்கள்பால் பித்து என்னுஞ் சொல் இழிசொல்லாய் நின்றதில்லை. இறைவனும் பித்தன், அவன்பாற் பேரன்பு பூண்ட அடியாரும் பித்தர் என்பது நெடுங்கால வழக்கு. அன்பின் மிகுதியால் எழுந்த இவ்வழக்கே இக்காலத்து ஒரு பெருமயக்கத்திற்கு நிலைக்களனாயிற்று. அஃது இன்னதென்பது ஈண்டு ஆராயற்பாலது.

திருவண்ணாமலையை வலம் வருவார் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நடப்பர். அவ்வழியில் மலைக்கு மேல்பால் உள்ளது அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலை எனவும் அது வழங்கும். அங்கே பழைய சிவாலயம் ஒன்றும், மணிவாசகப் பெருமானுக்குத் தனிக்கோயில் ஒன்றும் உள. திருவெம்பாவை அருளிச்செய்யப்பட்டது அவ்விடத்தே என்பது கன்னபரம்பரை. துறவிகளும், வறியவரும், உறவினராற் கைவிடப்பட்டோரும், உள்ளம் பேதுற்று ஊர் விட்டு வந்தோரும் வலப்பாதை நெடுகிலும் மரத்தடியிலும் திண்ணையிலும் தங்குவர். இவருள் சடைபற்றிய தலையும் கந்தலாடையும் உடையராய்த் தமக்குத் தாமே பேசித் திரிவார் ஒருவரைக் கைபேசியாற் படம்பிடித்து, அரை நிமிட அளவினதாகக் குறைத்து, பின்னணியில் ஒரு பாட்டையும் கூட்டி, 'அண்ணாமலைச் சித்தர்' எனப் பெயரிட்டு யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்றிவிடுதல் இப்பொழுது வழக்கமாயிற்று. அது கண்டு வேற்றூரார் வந்து அவர் காலில் வீழ்கின்றனர். அவர் வைவதை வாழ்த்தென்றும், கல்லெடுத்து எறிவதை அருளென்றும் கொள்கின்றனர். அவர் இரவில் உறங்கினரா, காலிற் புண் ஆறிற்றா, அவரைத் தேடும் தாய் எவ்வூரில் இருக்கின்றாள் என வினவுவார் மிகச் சிலர்.

இங்ஙனஞ் செய்வார் தமக்குத் துணையாகக் காட்டுவது நம் சாத்திரத்தையே. ஞானநிட்டை கைவந்தோர் பாலரும் பித்தரும் பேய்கொண்டாரும் போல ஒழுகுதலும் உண்டு என்று சிவஞானசித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் அருளியது மெய்யே. அது கொண்டு, பித்தர்போல ஒழுகுவார் எல்லாரும் ஞானியர் எனல் எவ்வாற்றானும் பெறப்படாது. அளவைநூலில் முதற்பாடம் பயிலும் மாணாக்கனும் இதனை அறிவான். புகையுள்ள இடத்துத் தீ உண்டு எனத் துணியலாம். தீயுள்ள இடத்துப் புகை உண்டு எனத் துணிதல் ஆகாது. பழுக்கக் காய்ந்த இரும்பிலே தீ உண்டு, புகை இல்லை. அதுபோலப் பித்தநடை ஞானியரிடத்தும் காணப்படும், நோயுற்றாரிடத்தும் காணப்படும். இரண்டிடத்தும் செல்லும் ஒன்றை ஒன்றற்கே ஏதுவாகக் காட்டுதல் ஏதுப்போலியேயாம். பல்லாயிரவர் பார்த்தனர் என்னும் கணக்கு அவ்வேதுவின் குற்றத்தைத் தீர்க்கமாட்டாது.

கைபேசியின் கண்ணுக்கு எட்டுவன உடம்பும், உடையும், சொல்லும் மட்டுமே. ஞானியினது புறக்கணிப்பு, திருவருளிலே கரணங்கள் அடங்கியதனால் வருவது. நோயாளரது புறக்கணிப்பு, கரணங்கள் கலங்கியதனால் வருவது. முன்னது அமைதி, பின்னது வேதனை. இவ்வேற்றுமை அகத்தது ஆகலின், உடனிருந்து நெடுநாள் பழகியே உணரப்படும்.

இதற்குத் திருவண்ணாமலையிலேயே சான்றுண்டு. சேஷாத்திரி சுவாமிகள் 1889இல் அவ்வூர்க்கு வந்து, 1929இல் சமாதியடையுங்காறும் நாற்பதாண்டுகள் அத்தெருக்களிலே திரிந்தனர். பித்தர் என்றாரும் பலர், மகான் என்றாரும் பலர். அவர் கடையினுட் புகுந்து பண்டங்களை வாரி இறைப்பின் அன்று வாணிகம் பெருகும் என வணிகர் மகிழ்ந்தனர் என்பர். இரமண மகரிஷிகள் 1896இல் இளைஞராய் வந்து பாதாளலிங்கக் குகையில் உடலுணர்வின்றி அமர்ந்திருந்தபோது, சிறுவர் கல்லெறிந்தனர். அவரைக் காக்க முயன்றவர் அச்சேஷாத்திரி சுவாமிகளே. பின்னர் 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட வினாக்கட்கு மகரிஷிகள் எழுதிக்காட்டிய விடைகளில் அறிவின் தெளிவு விளங்கிற்று. அவ்விடைகளின் கொள்கை நம் சித்தாந்தத்தோடு முற்றும் ஒவ்வாது என்பது வேறு. ஈண்டுக் கொள்ளத்தக்கது, ஒரே ஊரில் ஒரே தெருவில் ஆண்டுக்கணக்கிற் கண்டவரே துணிதற்கு அரிதாயிருந்த ஒன்றை, இன்று அரை நிமிடப் படத்திற் கண்டு துணிகின்றனர் என்பதே.

இனி, நோய் என்றால் அது யாருக்கு? மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் நான்கும் மாயையின் காரியம், சடம், உயிர் அறிதற்குக் கருவியாய் அமைந்தவை. கண்ணிலே படலம் படர்ந்தவனை அறிவிலி என்பார் இல்லை. மனத்திலே கலக்கம் படர்ந்தாரை மட்டும் இழிந்தார் எனவோ, உயர்ந்தார் எனவோ கூறுதல் என்ன நியாயம்? கருவியின் பழுது கருவிக்குரியது. கண் மருத்துவரை நாடுவதுபோல மனநல மருத்துவரை நாடுதல் சித்தாந்தத்தோடு சிறிதும் மாறுபடாது. இவ்வுண்மையை மறந்ததனாலேயே, சிறுதுயரைப் பெருநோய் என்றும் பெருநோயைச் சித்தி என்றும் ஒரே திரையிற் கண்டு மயங்குகின்றனர். கைபேசி வினாத்தாளிற் பத்து விடைகளைத் தொட்டுவிட்டு, தனக்கு இன்ன நோய் எனத் தானே பெயரிட்டுக்கொள்ளும் இளைஞனும் இம்மயக்கத்திற்குப் புறம்பானவன் அல்லன்.

வினைப்பயனாய் வந்த நோய்க்கு மருந்து எதற்கு என்பாரும் உளர். கொல்லிமழவன் மகள் முயலகன் என்னும் நோயால் அறிவழிந்து கிடந்தாள். தந்தை செய்யாத பரிகாரம் இல்லை. இறுதியில் திருப்பாச்சிலாச்சிராமத்துத் திருமுன்னே அவளைக் கிடத்தினான். அங்கெழுந்தருளிய திருஞானசம்பந்தர், இஃது அவள் வினை என்று வாளா செல்லவில்லை. இவளை வாட்டுதல் பெருமானுக்குத் தகுமோ என இறைவனையே வினவிப் பாடியருளினார் எனச் சேக்கிழார் பெருமான் வரலாறு கூறும். அறிவழிந்து கிடந்தாளை அவர் தெய்வமேறினாள் என்றும் வணங்கவில்லை. நோய் என்றே கண்டார், இரங்கினார், தீர்த்தார்.

ஒருகால் மெய்ஞ்ஞானி ஒருவரையே நோயாளர் என மயங்கிவிடின் அபசாரம் ஆகாதோ எனின், சோறும் ஆடையும் புண்ணுக்கு மருந்தும் அவர்க்கு அளித்தல் மாகேசுர பூசையேயாம்; அதனால் அவர்க்குக் குறை யாதும் இல்லை. நோயாளரை ஞானி என மயங்கி மருந்தை விலக்குவதோ, அவர் வாழ்நாளைப் பாழாக்கும்.

கருவி என்ற அளவில் கைபேசியைப் பழித்தலும் முறையன்று. 2022 அக்டோபர் 10இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் அமைப்பில், 14416 என்ற எண்ணை அழைத்தால் இரவு பகல் எப்பொழுதும் கட்டணமின்றித் தமிழிலும் மனநல அறிவுரை பெறலாம். படம்பிடிக்கும் கை அவ்வெண்ணையும் அழுத்தவல்லதே.

2001 ஆகஸ்டு 6இல் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டுக் கிடந்த மனநோயாளர் தப்பமாட்டாது மாண்டனர். இறந்தோர் 28 பேர். சங்கிலியிடுதலை முற்றும் விலக்கிய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மருத்துவ நிலையத்திற் சிகிச்சை பெறும் மனநோயாளரது படத்தை அவர் இசைவின்றி ஊடகங்கட்கு வெளியிடலாகாது என அதன் 24ஆம் பிரிவு விதிக்கின்றது. சிகிச்சைக்கே இன்னும் வந்து சேராது பாதையோரத்தில் இருப்பாரை அவ்விதி குறிக்கவில்லை. மருத்துவமனையின் உள்ளிருப்பார்க்குக் கிடைத்த மறைப்பு வெளியிருப்பார்க்குக் கிடைக்கவில்லை. எனினும், தம்மைத் தாம் காத்துக்கொள்ளமாட்டாது திரியும் மனநோயாளர் எனக் கருதத்தக்காரைக் காவலர் தம் பாதுகாப்பில் ஏற்று, 24 மணி நேரத்துள் அண்மையிலுள்ள பொது மருத்துவ நிலையத்திற் சேர்த்தல் வேண்டும் எனவும், அவரைக் காவற்கொட்டடியில் அடைத்தல் கூடாது எனவும் 100ஆம் பிரிவு கூறுகின்றது. பௌர்ணமிதோறும் வலப்பாதை நெடுகக் காவலர் நிற்கின்றனர். அடி அண்ணாமலையில் அத்தகையார் ஒருவரைக் காண்பவர், அவர்க்கு முதலில் உண்ண ஏதேனும் கொடுத்து, பெயரும் ஊரும் மெல்லக் கேட்டு, அருகில் நிற்கும் காவலரிடம் சென்று இப்பிரிவைச் சொல்லலாம்.