படிவத்தில் ஒரு கேள்வி

"ஆண்டவர் மன்னித்துவிட்டதை நான் ஏன் காகிதத்தில் எழுத வேண்டும், சாமி?"

தவக்காலத்து வெள்ளி ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், பங்கு இல்லத்துத் திண்ணையருகே நின்று ஒருவர் என்னிடம் இவ்வாறு கேட்டார். லேத் பட்டறையில் வேலை செய்பவர்; வயது 44. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் குடியில் மூழ்கிக் கிடந்து, இருமுறை மருத்துவமனையில் சேர்ந்து, இறுதியில் ஐந்து ஆண்டுகளாக அதனைத் தொடாமல் வாழ்ந்து வருபவர். வீட்டில் மனைவியும் இரு பெண் மக்களும். அவர் இதனை ஒப்புரவு அருளடையாளத்தில் சொல்லவில்லை. அவருடைய இசைவோடும், அடையாளங்களை மாற்றியுமே இங்கு எழுதுகிறேன்.

அவர் கையில் ஆயுள் காப்பீட்டுக்கான முன்மொழிவுப் படிவம் இருந்தது. மது அருந்தும் பழக்கம் உண்டா, முன்னர் இருந்ததா, அதற்காகச் சிகிச்சை பெற்றதுண்டா என்று அதில் கேட்கப்பட்டிருந்தது. அந்தக் கட்டங்களில் காப்பீட்டு முகவர் பென்சிலால் 'இல்லை' என்று குறித்திருந்தார். "உண்மையை எழுதினால் பிரீமியம் ஏறும், இல்லாவிட்டால் விண்ணப்பமே திரும்பி வரும். குடியை விட்டுத்தான் ஐந்து வருடம் ஆயிற்றே அண்ணே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்றாராம். முகவரும் நம் பங்கைச் சேர்ந்தவரே. கெட்ட எண்ணத்தோடு சொன்னவர் அல்லர்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. 'பொய் சொல்லாதே' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆயினும் அவர் கேட்ட கேள்வி அத்துணை எளியதன்று. மன்னிப்பு என்றால் என்ன என்பதே அவருடைய கேள்வி. மன்னிக்கப்பட்ட பின்னும் பழைய பெயரைச் சுமந்துதான் ஆக வேண்டுமா? கடவுள் நினைவுகூராத ஒன்றை ஓர் அலுவலகம் ஏன் நினைவுகூர வேண்டும்?

திருச்சபையின் போதனை இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறது. மன்னிப்பு பாவத்தின் குற்றத்தை நீக்குகிறது. பாவம் விட்டுச்சென்ற விளைவுகள் அனைத்தையும் உடனே நீக்கிவிடுவதில்லை. உடைத்த பானைக்காக மன்னிப்புப் பெற்றவன் வீட்டில் பானை உடைந்தே கிடக்கிறது. பதினைந்து ஆண்டுக் குடி ஈரலில் எழுதிவிட்டுப் போனதைக் குருவின் கை அழிப்பதில்லை. ஆகவே, அந்தப் படிவம் அவருடைய பாவத்தைக் கேட்கவில்லை; அவருடைய உடலைப் பற்றிக் கேட்கிறது. மன்னிக்கப்பட்ட கடந்தகாலம் இனி அவர்மீது குற்றமாக நிற்பதில்லை. ஆனால் நிகழ்ந்த உண்மையாக நிற்கத்தான் செய்கிறது.

'இல்லை என்று எழுதிவிட்டு, இப்போது இல்லை என்று மனத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாமே?' என்று ஒருவர் வாதிடலாம். அறநெறி வரலாற்றில் இது புதிய வாதமன்று. வெளியே ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றைச் சேர்த்துக்கொள்ளும் இவ்வகை ஒதுக்கத்தைத் திருத்தந்தை பதினோராம் இன்னசென்ட் 1679-இலேயே கண்டித்தார். ஏமாற்றும் நோக்கோடு பொய்யை உரைப்பதே பொய் என்ற புனித அகுஸ்தினாரின் விளக்கத்தைத்தான் 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும் ஏற்கிறது. நம் நண்பரின் படிவமோ 'முன்னர் இருந்ததா?' என்றும் கேட்கிறது. மனத்துக்குள் எதைச் சேர்த்தாலும் அங்கே 'இல்லை' பொய்யே.

எனினும் எல்லா உண்மையையும் எல்லாரிடமும் சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள் அல்லர். அறிய உரிமை இல்லாதவரிடம் உண்மையை வெளியிட எவரும் கட்டாயப்பட்டவரல்லர் என்றும் அதே மறைக்கல்வி நூல் சொல்கிறது. தேநீர்க் கடையில் நிற்பவருக்கும் பெண் பார்க்க வந்த தூரத்து உறவினருக்கும் இவருடைய மருத்துவமனை நாட்களை அறியும் உரிமை இல்லை. குடியிலிருந்து மீண்டோர் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தோன்றிய 'ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் பெயர் வெளியிடாமையைத் தன் அடித்தளமாகக் கொண்டதும் இதனாலேயே. அப்படியாயின், காப்பீட்டு நிறுவனத்திற்கு மட்டும் அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

ஒப்பந்தத்திலிருந்து வந்தது. நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரையென விற்பவன், வெளியே தெரியாத அந்தக் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்று அக்குவினோ தோமையார் கற்பித்தார். ஒற்றைக் கண் குதிரையின் குறை கண்ணுக்குத் தெரியும்; ஈரலின் குறை தெரியாது. காப்பீட்டில் ஆபத்தைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் காப்பீடு கேட்பவருக்கே தெரியும். ஆதலால் இவ்வொப்பந்தம் நன்னம்பிக்கையின் மேல் நிற்கிறது என்று 1766-இல் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்தார். இன்றும் காப்பீட்டுச் சட்டத்தின் வேர் அதுவே.

மேலும், அந்தப் பணம் யாருடையது என்பதையும் எண்ண வேண்டும். 1744-இல் ஸ்காட்லாந்தில் நம் பிரிந்த சகோதரர்களான இரு போதகர்கள், ராபர்ட் வாலஸும் அலெக்சாண்டர் வெப்ஸ்டரும், இறந்த போதகர்களின் கைம்பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என ஒரு நிதியைக் கணக்கிட்டு அமைத்தனர். உயிரோடிருப்பவர் ஆண்டுதோறும் செலுத்துவதே இறந்தவரின் வீட்டுக்குச் சோறானது. இன்றைய காப்பீடும் அடிப்படையில் அதுவே. நிறுவனத்தின் மாடிக்கட்டடத்தைப் பார்த்து, 'இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?' என்கிறோம். ஆனால் அந்தப் பெட்டியில் கிடப்பது பிற பாலிசிதாரர்களின் சேமிப்பு.

சட்டம் வேறொரு சோதனையையும் தருகிறது. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 2015-இல் திருத்தப்பட்ட பின்னர், மூன்று ஆண்டுகள் கடந்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை எந்தக் காரணத்தைக் காட்டியும் கேள்விக்குள்ளாக்க இயலாது. 'மூன்று வருடம் உயிரோடிருந்தால் போதும்' என்று முகவர் சொன்னதன் பொருள் இதுவே. இறந்தவரின் குடும்பத்தை முடிவில்லாத விசாரணையிலிருந்து காக்க இயற்றப்பட்ட நல்ல விதி அது. பொய்யைப் புண்ணியமாக்க இயற்றப்பட்டதன்று. நீதிமன்றம் கேளாமல் விடும் கேள்வியை மனச்சான்றும் கேளாமல் விடும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

அந்த மூன்று ஆண்டுகளுக்குள் இறப்பு நேர்ந்தால்? 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் முன் அத்தகைய வழக்கொன்று வந்தது. பாலிசி எடுத்த ஒரே மாதத்தில் ஒருவர் இறந்துபோனார். மிகுந்த குடியால் விளைந்த நோயும், அதற்குப் பெற்ற மருத்துவமனைச் சிகிச்சையும் படிவத்தில் மறைக்கப்பட்டிருந்தன. நுகர்வோர் ஆணையங்கள் தாய்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்திருந்தும், உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளியது. எனினும் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே தொகை வழங்கப்பட்டுவிட்டதாலும், எழுபது வயதான அந்தத் தாய் மகனையே நம்பி வாழ்ந்தவர் என்பதாலும், அதனைத் திரும்பப் பெற வேண்டாம் என்று ஆணையிட்டது. நீதியும் இரக்கமும் ஒரே தீர்ப்பில் சந்தித்தன. ஆனால் அந்த இரக்கம் வந்து சேரும் வரை நீதிமன்றப் படிகளில் நிற்க வேண்டியிருந்தவர் பொய் எழுதிய மகன் அல்லர், அவரைப் பெற்றவர்.

இந்தச் சிந்தனைகளோடு அவர் வீட்டிற்குச் சென்றேன். நான் பேசத் தொடங்குமுன் அவருடைய மனைவியே பேசினார்: "அந்த நாட்களில் பட்டறைக்குப் போய், அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வருபவள் நான்தான், சாமி. கடன்காரர் வந்தால், ஊருக்குப் போயிருக்கிறார் என்பவளும் நான்தான். அவர் கண்மூடிய பிறகும் நானேதான் பொய் சொல்ல வேண்டுமா?"

அதற்கு மேல் என் இறையியலுக்கு அங்கு வேலை இருக்கவில்லை. படிவத்தில் எழுதும் பொய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு: அது விசாரிக்கப்படும் நாளில் எழுதியவர் இருக்கமாட்டார். அந்தக் கடனை அவர் மனைவியின் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுப் போகிறார். குடி அந்தப் பெண்ணிடமிருந்து நகையைப் பறித்தது, உறக்கத்தைப் பறித்தது, உண்மை பேசும் உரிமையையும் பறித்தது. பென்சிலால் எழுதிய அந்த 'இல்லை', ஐந்து ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய குடியை மீண்டும் அந்த வீட்டுக்குள் அழைத்துக்கொள்வதாகும்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் அழிப்பானை எடுத்தார்.

இத்தோடு கட்டுரையை முடித்தால் நான் பாதி உண்மையே சொன்னவன் ஆவேன். அவருடைய ஈரலைப் பரிசோதித்தார்கள். மருத்துவமனைக் குறிப்புகளைக் கேட்டார்கள். ஓராண்டு கழித்து விண்ணப்பிக்குமாறு திருப்பி அனுப்பினார்கள். அன்று அவர் முகத்தை நேரே பார்க்க எனக்குக் கூச்சமாயிருந்தது. உண்மை பேசச் சொல்பவர்க்கு அதன் விலையில் பங்கில்லையே!

அப்போது நான் அவருக்குச் சொன்னது இதுதான்: நிறுவனத்தின் கணக்கு கடவுளின் தீர்ப்பன்று. அது கூடுதல் பிரீமியம் கேட்டால் அது தவமுயற்சியுமன்று. மறுத்தால் அது சாபமுமன்று. அந்தக் கணக்கும் தவறக்கூடியதே. 1840-இல் இலண்டனில் ராபர்ட் வார்னர் என்பவர் மதுவே அருந்தாதவர் என்பதாலேயே அவரிடம் கூடுதல் பிரீமியம் கேட்டார்களாம்! மது உடலுக்கு வலிமை தரும் என்பது அக்கால நம்பிக்கை. அவரோ மது அருந்தாதவர்களுக்கென ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களே நீண்டகாலம் வாழ்கிறார்கள் என்பதைப் பின்னர் கணக்குகளே காட்டின. ஒருவரின் மதிப்பு பிரீமியத்தில் எழுதப்படுவதில்லை.

நடைமுறையிலும் சில வழிகள் இருந்தன. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டம் 2015-இல் தொடங்கியது. 18 முதல் 50 வயது வரையுள்ளோர் மருத்துவப் பரிசோதனை இன்றி வங்கிக் கணக்கு வழியாகச் சேரலாம். இரண்டு இலட்சம் ரூபாய்க் காப்பீட்டிற்கு 2022 ஜூனில் ஆண்டுக் கட்டணம் 436 ரூபாயாக உயர்ந்தது. அதில் அவர் சேர்ந்தார். பழைய கடன்காரர்களைப் பற்றிய அச்சமும் அவருக்கு இருந்தது. 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்டிர் சொத்துச் சட்டத்தின்படி மனைவி மக்களின் பெயருக்கு எடுக்கும் பாலிசி அவர்களுக்கான அறக்கட்டளையாகவே நிற்கும். கணவரின் கடன்காரர் பொதுவாக அதில் கைவைக்க இயலாது. இதனையும் எடுத்துச் சொன்னேன்.

நம் பங்குகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மீண்டு வந்தவரை இன்றும் 'அந்தக் குடிகாரர்' என்றே அடையாளம் சொல்கிறோம். அன்பியக் கூட்டத்தில் அவர் வாசகம் வாசித்தால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். உண்மையைச் சொன்னவர் படும் பாட்டைப் பார்ப்பவன் அடுத்த முறை பொய்யையே நாடுவான். படிவத்தில் உண்மை எழுதும் துணிவை அவருக்குப் போதிக்கும் நாம், அந்த உண்மையோடு அவர் தலைநிமிர்ந்து நடக்கும் தெருவை அமைத்துக் கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள்.

டப்ளின் நகரத் தொழிலாளி மாட் டால்பட் 1884-இல் தம் 28-ஆம் வயதில் குடியை விட்டவர். 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. குடிக்கும் காலத்தில் ஒரு தெருப் பாடகரின் பிடில் வாத்தியத்தைத் திருடி விற்றுக் குடித்ததை அவர் மறக்கவில்லை. அந்த மனிதரைத் தேடி அலைந்தார். காணக்கிடைக்காததால் அவருக்காகத் திருப்பலிகள் ஒப்புக்கொடுத்தார். மன்னிப்புப் பெற்றவர்தாம் தம் பழைய கணக்கை அஞ்சாமல் திறந்து பார்க்க இயலும். மூடி மறைப்பவர் இன்னும் அதற்கு அஞ்சி வாழ்பவரே.

ஓராண்டு கழிந்தபின் நம் நண்பர் மீண்டும் விண்ணப்பித்தார். அதே பதில்களையே எழுதினார். இம்முறை கூடுதல் பிரீமியத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இரசீதை என்னிடம் காட்டினார். "வருடத்துக்கு இவ்வளவு அதிகம் வாங்குகிறார்களே" என்று நான் வருந்தினேன்.

அவர் சிரித்தார். "அந்தக் காலத்தில் இரண்டு மாதத்தில் இதைவிட அதிகம் குடித்தவன், சாமி" என்றார். இரசீதை மடித்து மனைவியிடம் கொடுத்தார். அவர் அதைத் திருப்பாடல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.