ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி என்ன வேண்டிக்கிறது?



இந்த வாரம் வேற ஒண்ணு எழுதறதா இருந்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, மனசு அதையே சுத்துது. அதனால அதையே எழுதிடறேன்.

அம்மா மாசாமாசம் சங்கடஹர சதுர்த்திக்கு ஸ்ரீரங்கத்திலேர்ந்து பஸ் ஏறி மலைக்கோட்டை போவாங்க. நானூத்துச் சொச்சம் படி ஏறி உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துட்டுத்தான் வருவாங்க. போன மாசம் தாயுமானவர் சன்னதியோட உட்கார்ந்துட்டாங்க. "மூச்சு வாங்குதுடா, நீ போயிட்டு வா." வெயில்னு நினைச்சேன். அப்புறம்தான் ஒவ்வொண்ணா கண்ணுல பட்டுது. சாயங்காலமானா கால் வீங்குது, விரலால அழுத்தினா குழி அப்படியே நிக்குது. நீட்டிப் படுத்தா மூச்சு முட்டுதுன்னு ஒரு தலையணை மூணாயிடுச்சு.

தில்லைநகர்ல டாக்டர் பார்த்துட்டு, "ஹார்ட் ஃபெயிலியரா இருக்கலாம். எக்கோவும் ரத்தப் பரிசோதனையும் பண்ணிட்டுச் சொல்றேன். உப்பைக் குறைங்க"ன்னார். பேரைக் கேட்டே எனக்குக் கைகால் ஓடல. ஆனா இதயம் நின்னு போறதுக்கு அந்தப் பேர் இல்ல. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை அதால தள்ள முடியல, அதனால நுரையீரல்லயும் கால்லயும் நீர் தேங்குது, அவ்வளவுதான் அர்த்தம். ரத்தசோகையாலயும் மூச்சு வாங்கலாம், சிறுநீரகக் கோளாறுலயும் கால் வீங்கலாம். எதுன்னு தெரியத்தான் டெஸ்ட்.

இங்கதான் சிக்கல். சொந்தத்துல ஒருத்தர், "ஒரு மண்டலம் கவசம் படிக்கட்டும், அப்புறம் டெஸ்ட் எடுங்க. நடுவுல எடுத்தா முருகன் மேல நம்பிக்கை இல்லேன்னு ஆயிடும்"னாங்க. அம்மா தலையாட்டிட்டாங்க. 48 நாள்! எனக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கமான விஷயம், உள்ளுக்குள்ள ஒரு நிம்மதியும் வந்தது. டெஸ்ட் எடுக்காத வரைக்கும் வியாதி இல்லையே! பக்தி எனக்கு ஒளிஞ்சுக்க ஒரு இடமா ஆகிப் போச்சு.

அன்னிக்கு ராத்திரி, "முருகா, ரிப்போர்ட் நார்மலா வரணும்"னு வேண்டிக்கிட்டேன். வேண்டி முடிச்சதும் உறுத்துச்சு. ரிப்போர்ட்ல வரப்போறது ஏற்கெனவே அம்மா நெஞ்சுக்குள்ள இருக்கறதுதானே? எக்கோ அதைப் பார்த்துச் சொல்லுது, புதுசா எதையும் உண்டாக்கறதில்ல. அப்போ நான் கேட்டது அம்மா குணமாகணும்னு இல்ல, காகிதம் நல்லா இருக்கணும்னு. ரெண்டும் ஒண்ணா? உள்ள நோய் இருந்து காகிதம் நல்லா வந்தா அது வரமா, கேடா?

ஞாயித்துக்கிழமை வயலூர் போனேன். தலவரலாறு உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 'வயலூருக்கு வா'ங்கற குரலை நம்பி வந்த அருணகிரிநாதர், இங்க ஒண்ணும் நடக்கலையேன்னு தவிச்சு, கேட்டது பொய்யோன்னு நினைச்சப்போ, 'பொய்யல்ல'ன்னு பதில் வந்துதாம். அதனால இங்க பிள்ளையாருக்குப் பொய்யா கணபதின்னு பேர். அவர் முன்னாடி நின்னுக்கிட்டு, 'எங்களுக்காக ஒரே ஒரு நல்ல பொய் சொல்லிடுங்க'ன்னு எப்படிக் கேக்கறது? வாய் வரல.

திரும்பி வந்து அம்மாகிட்ட பாம்பன் சுவாமிகளைப் பத்திப் பேசினேன். 1923 டிசம்பர்ல சென்னையில குதிரை வண்டி மோதி அவர் கால் எலும்பு முறிஞ்சது. சண்முக கவசம் பாராயணம், மயில் காட்சி, கால் கூடினது எல்லாத்தையும் வருஷாவருஷம் ஃபார்வர்ட் பண்றோம். ஆனா அவர் படுத்திருந்தது எங்க? அரசாங்கப் பொது மருத்துவமனைக் கட்டில்ல. சுத்தி டாக்டருங்க. கவசம் எழுதினவரே ஆஸ்பத்திரியில இருந்தார்னா, நாம போறதுல என்ன குறை? நம்ம ரங்கநாதர் கோயில்லயே தன்வந்திரிக்குச் சன்னதி இருக்கு, பழைய கல்வெட்டுல ஆரோக்கியசாலை இருந்ததாவும் சொல்றாங்க. அந்தக் காலத்துல கோயிலும் வைத்தியமும் சண்டை போட்டுக்கல போல.

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அவர் உப்பையே விட்டவராச்சே"ன்னாங்க. "சரி, நாளைக்கே போலாம். கவசம் பாட்டுக்குக் கவசம் படிப்பேன். அப்பளத்தை மட்டும் விடச் சொல்லாத."

அப்பளத்துல எவ்வளவு உப்புன்னு சொல்ல அன்னிக்கு எனக்கு மனசு வரல.

இன்னிக்கு எக்கோ எடுத்தாச்சு. ரத்த ரிசல்ட்டோட டாக்டர் நாளைக்குத்தான் பேசுவார். ஆட்டோ காவிரிப் பாலம் ஏறறப்போ அம்மா கேட்டாங்க.

"உள்ள போனப்போ என்னடா வேண்டிக்கிட்ட?"

"இருக்கறது இருக்கறபடி தெரியணும்னு."

"அவ்வளவுதானா?"

"...நார்மலா இருக்கணும்னும்தான்."

சிரிச்சாங்க. "ரெண்டும் கேளு. நானும் அதைத்தான் கேட்டேன்."

இப்போ மூணு தலையணையில சாய்ஞ்சு தூங்கறாங்க. நான் மூச்சை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

வேலும் மயிலும் துணை.