எடைக்குத்தான் காசு

காயலான் கடைத் தராசில் சாக்கை இறக்கிவைக்கும் பெண்கள் தொழிலாளர்களா, வியாபாரிகளா? கடைக்காரரைக் கேட்டால் வியாபாரிகள் என்பார். சரக்கு வந்தது, காசு கொடுத்தாயிற்று. தொழிலாளி என்றால் கூலி பேச வேண்டும், கையுறை தர வேண்டும், கண்ணாடி கிழித்த கைக்கு மருந்து பார்க்க வேண்டும். வியாபாரிக்கு இதெல்லாம் இல்லை.

ஆனால் தன் சரக்குக்கு விலை சொல்ல முடியாத வியாபாரிகள் இவர்கள். கச்சா எண்ணெய் விலை சரிந்தால் புதுப் பிளாஸ்டிக் மலிவாகிறது. பழையதை உருக்கிக் குருணையாக்கும் ஆலை கொள்முதல் விலையைக் குறைக்கிறது. மொத்த வியாபாரி கடைக்காரரிடம் குறைக்கிறார். கடைக்காரர் இந்தப் பெண்களிடம். (கடைக்காரரும் கடனில் ஓடுபவர்தான்; என் கோபத்தை அவரோடு முடித்துக்கொள்ள மனமில்லை.) இவர்களுக்குக் கீழே குறைப்பதற்கு ஆளில்லை. அதே தெரு, அதே நடை, அதே எடை; வரும்படி மட்டும் குறைவு.

பிளாஸ்டிக் கலந்து கிடந்தால் அடிமாட்டு விலை. ரகம் பிரித்தால்தான் மதிப்பு. கவரைக் கசக்கும்போது எழும் சத்தத்திலேயே அது என்ன ரகம் என்று சொல்லிவிடுகிறார்கள். தண்ணீரில் பெட் மூழ்கும், பாலித்தீன் மிதக்கும் என்பதை இவர்களுக்கு எந்த ஆய்வகமும் கற்றுத்தரவில்லை. இதைத் திறமை என்று யாரும் எழுதிவைப்பதில்லை. அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பெண்களுக்குத் தானாக வருவது என்று எண்ணிக்கொள்கிறோம். அரிசியில் கல் பொறுக்கவும் யாரும் கூலி கொடுத்ததில்லை.

2022இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த நெறிமுறைகளின்படி, பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் நிறுவனங்கள் மறுசுழற்சிச் சான்றிதழ்களை வாங்கித் தம் பொறுப்பைக் கணக்குக் காட்டலாம். அவற்றை விற்பது பதிவுபெற்ற ஆலை. ஆக, பிளாஸ்டிக்குக்கு ஒரு விலை, அது மீண்டதற்கு இன்னொரு விலை. மீட்டவர்களின் கைக்கு வருவது முதலாவதின் மிச்சம்தான்.

புனேயில் 2008 முதல் 'ஸ்வச்' என்ற கூட்டுறவு இயங்குகிறது. குப்பை சேகரிப்பவர்களே உரிமையாளர்கள், பெரும்பாலோர் பெண்கள். வீட்டுக்கு வந்து எடுப்பதற்கு வீட்டார் மாதக் கட்டணம் தருகிறார்கள். விலைபோவதை விற்கும் உரிமையும் சேகரிப்பவர்களுக்கே. தொழிலாளியா வியாபாரியா என்ற கேள்விக்கு அவர்கள் இரண்டும்தான் என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். மாநகராட்சியோடு ஒப்பந்தம் புதுப்பிப்பதில் அங்கும் இழுபறி உண்டு. என்றாலும் சந்தை விழும் மாதத்தில் கட்டணம் விழுவதில்லை.

சிப்ஸ் பாக்கெட்டைப் பெரும்பாலான கடைகள் வாங்குவதில்லை. எடைக்குத்தான் காசு என்றால் குனிந்து அதை எடுக்க ஒருவருக்கும் காரணமில்லை. அந்தக் கட்டணத்தில் குனிவதற்கும் காசு இருக்கிறது.