ஏடு யாருக்கு, உரிமை யாருக்கு?

விசா கிடைத்துவிட்டது, கடவுச்சீட்டு வரவில்லை. கொடைக்கானலில் ஓர் இளைஞன், வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஏறிவரும் அஞ்சல் வண்டியை நாள்தோறும் எதிர்நோக்குகிறான். "நேரம் கூடவில்லை, தம்பி" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். நேரமா? எங்கோ ஒரு மேசையின்மேல் கிடக்கிறது ஏடு, அவ்வளவுதான்!

போகலாம் என்று முடிவு சொல்லியாகிவிட்டது. பின், தடுப்பது யாது? குற்றமில்லை, தடையுத்தரவில்லை, காகிதம் கையில் இல்லை. அந்த ஏடு எந்நாளும் மத்திய அரசின் உடைமை என்கிறது, 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. இருக்கட்டும். வெளிநாடு செல்வதும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று மேனகா காந்தி வழக்கில் 1978இல் உச்சநீதிமன்றம் உரைத்ததே, அந்த உரிமை எவர் மேசையில் உறங்குகிறது? கேட்கிறோம்.

இதே மலையில் ஏட்டின் மறுமுகம் கண்டவர்களும் உண்டு. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், இலங்கையின் இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியாவின் பங்காக எழுதிற்று. அவர்களைக் கலந்து பேசியா? இல்லை! தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் கையில் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. வந்ததும், பிறந்த மண்ணில் அவர் அன்னியர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவருள் பலர், கொடைமலையில் சீகை மரப்பட்டை உரித்துக் கொத்தடிமைகளாகவும் உழன்றனர். இவனுக்கு ஏடு வராததால் பயணமில்லை. அவர்களுக்கோ ஏடு வந்ததால் ஊரில்லை.

காத்திருப்பவனிடம் கணக்குச் சொல்ல அன்றும் எவரும் கடமைப்படவில்லை, இன்றும் இல்லை. விசா தந்தோம் என்று அறிவிப்பவர், ஏடு திரும்பும் நாளையும் அதே தாளில் எழுதித் தரட்டும். கேட்போம், தோழர்களே!