அலாரத்துக்குப் பதில் சொல்பவர்

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் புதுச்சேரிக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் குடித்த உடனே கொல்வதில்லை. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறப் பல மணி நேரம் பிடிக்கும். அதுவரை ஆள் தெளிவாகப் பேசவும் எழுந்து நடக்கவும்கூடும். அமிலம் ஏற ஏற மூச்சு வேகமெடுக்கும், கண் மங்கும். இதை நேரத்தோடு கண்டுகொண்டால் டயாலிசிசுக்கு அனுப்ப அவகாசம் இருக்கும்.

ஆனால், மூச்சை எண்ண ஒரு முழு நிமிடம் கட்டிலருகே நிற்க வேண்டும். ஆள் பற்றாத வார்டில் அந்த நிமிடம் கிடைப்பதில்லை. கேஸ் ஷீட்டில் வழக்கமான ஓர் எண் ஏறிவிடுகிறது. உலகம் முழுவதும் மருத்துவமனைகள் அறிந்த குறை இது. மெத்தைக்கு அடியில் விரிக்கும் உணர்கருவி இரவு முழுவதும் மூச்சையும் இதயத் துடிப்பையும் எண்ணும்; நோயாளியின் போக்கு மாறினால் செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கும். பெங்களூரின் டோசீ நிறுவனம் இத்தகைய கருவியைச் செய்கிறது. இப்படியொரு துணை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஒரு செவிலியர் அதை ஏற்கத் தயங்கினால், அந்தத் தயக்கம் தவறாகுமா?

மாற்றத்துக்கு அஞ்சுகிறார்கள், இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்பது நிர்வாகங்களுக்கு எளிதான விடை. அது செவிலியரின் அறிவை மதிக்காத விடையும்கூட. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் பயன்படுத்திய எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) கணிப்பு முறையை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் கண்ட நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருந்தது. அதே நேரத்தில், உள்நோயாளிகளில் நூற்றுக்குப் பதினெட்டு பேருக்கு எச்சரிக்கை விடுத்திருந்தது. அடுத்த ஆண்டே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் உருவாக்கிய வேறொரு முறை நல்ல பலனைக் காட்டியது. அங்கே எச்சரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் சிகிச்சையளிப்பவர் ஒருவர் பார்த்து உறுதிசெய்த நோயாளிகளிடையே இறப்பு குறைந்திருந்தது. மணி அடித்ததும் வந்து பார்க்க ஆள் இருந்ததைத்தான் இதில் முதலில் கவனிக்க வேண்டும்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் வேண்டும். நம் அரசு மருத்துவமனையில் நைட் டியூட்டி நேரத்தில் ஒரு வார்டைப் பார்த்த எவருக்கும் அந்த அளவுகோல் எவ்வளவு தொலைவில் இருக்கிறதென்று தெரியும். தமிழ்நாட்டில் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்ட செவிலியர்கள் 2017-இல் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினார்கள். பணி நிரந்தரமில்லாத ஒருவரிடம் புதிய கருவியைக் கொடுக்கும்போது, "இது வந்தால் என் இடத்துக்கு ஆள் போடுவார்களா?" என்று அவர் கேட்பது நியாயமே.

அதைவிட ஆழமான அச்சம் ஒன்றுண்டு. இரவு 2.10-க்கு எச்சரிக்கை வந்தது, 2.35-க்குத்தான் செவிலியர் தொட்டார் என்று கருவி பதிந்து வைக்கும். அந்த இருபத்தைந்து நிமிடமும் அவர் வேறொரு கட்டிலில் வலிப்பு வந்தவரைப் பிடித்துக்கொண்டிருந்ததை அது பதியாது. இறந்தவரின் உறவினர் கேட்கும்போதும் விசாரணை நடக்கும்போதும் மேசைக்கு வருவது முதல் பதிவுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட நெறிமுறை, செயற்கை நுண்ணறிவின் முடிவுகளுக்கு மேல் மனிதரின் மேற்பார்வை இருக்க வேண்டும் என்கிறது. சரியான விதி. ஆனால் அந்த மனிதர் யார், அவர் கையில் எத்தனை கட்டில்கள் என்று வகுக்காமல் விட்டால், பழியை ஏற்க ஓர் ஆளை நிறுத்தும் ஏற்பாடாக அது சுருங்கிவிடும்.

பதிவு வேலையைப் பின்தள்ளும் இந்தச் சிக்கலின் இன்னொரு வடிவத்தைக் கிராம சுகாதாரச் செவிலியர்கள் முன்பே கண்டவர்கள். கர்ப்பிணிகளின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி, அரசின் பிக்மி இணையதளத்திலும் ஏற்றி, தாயைப் பார்க்க வேண்டிய நேரத்தில் திரையைப் பார்த்தவர்கள் அவர்கள்.

இத்தனைக்குப் பிறகும் கருவியை மறுப்பது நியாயமாகாது. செவிலியர் பற்றாக்குறைக்கு நோயாளி காரணமல்ல. அது தீரும்வரை அவருடைய மூச்சு எண்ணப்படாமல் கிடப்பதை எந்த நியாயமும் ஏற்காது. ஆகவே செவிலியருக்குக் கருவியை ஏற்கும் கடமை உண்டு. அந்தக் கடமையைக் கேட்கும் உரிமை நிர்வாகத்துக்கு வர, அது முதலில் சிலவற்றை எழுத்தில் தர வேண்டும்: கருவியைக் காட்டி ஒரு பணியிடமும் காலியாக விடப்படாது; அதன் பதிவு மட்டுமே ஒருவர் மீதான நடவடிக்கைக்குச் சான்றாகாது; பொய் எச்சரிக்கை எவ்வளவு என்பதை வார்டு செவிலியர்களே கணக்கெடுத்துச் சொல்லலாம்.

திண்டிவனம் அரசு மருத்துவமனையை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலை விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் பிரியும் ஊர் அது. 2021 டிசம்பரில் பக்கத்து மேல்மருவத்தூரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் செலவை அரசின் கணக்கில் வைத்தது. அந்த 48 மணி நேரமும் கண்விழித்திருப்பவர் செவிலியர். தலையில் அடிபட்ட ஒருவரின் மூச்சு நள்ளிரவில் தடுமாறுவதாகக் கருவி சொன்னால், செவிலியர் அழைத்ததும் மருத்துவர் வர வேண்டும், 108 வாகனம் நிற்க வேண்டும், முண்டியம்பாக்கத்தில் கட்டில் காத்திருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் கருவியை மாட்டினால், தன்னால் எதுவும் செய்ய முடியாத ஓர் ஆபத்தை அறிந்துகொண்டு நிற்கும் சுமை அந்தச் செவிலியர் மீது ஏறும். கருவி வாங்கும் கோப்பில் விலைப்புள்ளியோடு இந்த மூன்றுக்கும் பொறுப்பான அதிகாரிகளின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.