திண்ணையும் காமிராவும்

தெரு யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் நகராட்சி பதில் சொல்லிவிடும். தெருவின் தோற்றம் யாருக்குச் சொந்தம் என்பதற்கு அதனிடம் பதில் கிடையாது. வீட்டுச் சுவர் என்னுடையது. அந்தச் சுவர் தெருவுக்குக் காட்டும் முகம்? போகிற வருகிறவர் அதைப் பார்ப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை. பார்ப்பதும், பார்த்ததைச் சேமித்து ஊருக்கெல்லாம் கொடுப்பதும் ஒரே செயல்தானா என்று கேட்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கூகிள் 2011-ல் பெங்களூர்த் தெருக்களில் காரின் மேல் காமிராவைப் பொருத்திப் படமெடுக்கத் தொடங்கியது, போலீஸ் நிறுத்தியது. 2016-ல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2021 பிப்ரவரியில் வந்த நெறிமுறைகள், இத்தகைய படப்பதிவை இந்திய நிறுவனங்கள் செய்யலாம் என்றன. 2022 ஜூலையில் ஜெனிசிஸ், டெக் மஹிந்திரா என்ற இரண்டு இந்தியக் கம்பெனிகளைக் கூட்டாளியாகக் கொண்டு கூகிள் பத்து நகரங்களில் திரும்பி வந்தது. இந்தப் பதினோரு வருஷ வியவகாரத்தில் பேசிக்கொண்ட தரப்புகள் அரசும் கம்பெனியும். தெருவில் குடியிருப்பவன் ஒரு தரப்பாக இல்லை.

இதற்கு மாற்றாக, ஜனங்களே எடுத்துச் சேர்க்கும் பொதுத் தொகுப்பு ஒன்று சாத்தியம் என்ற எண்ணம் உண்டு. 2013-ல் ஸ்வீடனில் தோன்றிய மேப்பில்லரி அப்படித்தான் வளர்ந்தது. 2020-ல் பேஸ்புக் அதை வாங்கிக்கொண்டது. படங்களின் உரிமம் திறந்ததாகவே இருந்தது, ஆனால் படங்கள் இருந்த வீடு கைமாறிவிட்டது. பிரான்சில் பிறகு வந்த பானோராமாக்ஸ் இந்தப் பாடத்தைக் கற்றதாகத் தெரிகிறது. அரசின் நிலவரைபட நிறுவனமான ஐ.ஜி.என்.னும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பிரான்ஸ் சங்கமும் சேர்ந்து தொடங்கியது அது. படங்கள் பல இடங்களில் தனித்தனியாகக் கிடக்கின்றன. பொதுப் பட்டியல் ஒன்று அவற்றை இணைக்கிறது. மென்பொருளை எவரும் எடுத்துத் தன் ஊரில் நிறுவலாம். முகங்களையும் வண்டி எண்களையும் யந்திரமே மங்கலாக்கிவிடும். மொத்தமாக விற்பதற்கு ஒரு கொத்துச்சாவி யாரிடமும் இல்லை.

புதுச்சேரியில் இத்தகைய தொகுப்புக்கான நியாயம் வலுவானது. இது ஒருமுறை தரைமட்டமாக்கப்பட்ட ஊர். 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1761 ஜனவரியில் இறந்தார். சில நாட்களில் ஊர் ஆங்கிலேயர் வசமாகி, பிறகு இடிக்கப்பட்டது. அந்தப் பழைய ஊரின் நடமாட்டம் இன்று நமக்குக் கேட்கிறதென்றால், உள்ளூர்க்காரர் ஒருவர் தினமும் எழுதிவைத்ததும் ஒரு காரணம். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த மேரி கட்டடம் பழைய தோற்றத்திலேயே எழுப்பப்பட்டு 2021-ல் திறக்கப்பட்டது. கடற்கரைச் சாலைக் கட்டடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள ஆட்கள் உண்டு. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு திண்ணை வீடு போய் மூன்று மாடி எழும்பும்போது, ஆறு மாதத்தில் அடுத்த வீட்டுக்காரருக்கே முன்பிருந்தது மறந்துவிடுகிறது. அழகானதை மட்டும் படமெடுக்கும் சுற்றுலாக் கண் வம்பாகீரப்பாளையத்துக்குப் போவதில்லை. அங்கே இருப்பவரே எடுத்துச் சேர்க்க முடிந்தால் ஞாபகத்தில் உள்ள இந்த ஏற்றத்தாழ்வு கொஞ்சம் குறையும்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் திண்ணை உறுத்துகிறது. அது பாதி வீடு, பாதி தெரு. மதியத்தில் அங்கே படுத்திருப்பவர் தெருவின் பார்வைக்கு இணங்கியிருக்கிறார். உலகத்தின் பார்வைக்கு அல்ல. முகத்தை மங்கலாக்கினால் போதும் என்பது அந்நியனை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. தெருக்காரனுக்கு முகம் வேண்டியதில்லை. உட்கார்ந்திருக்கும் விதம் போதும். வாசலில் கிடக்கும் செருப்பு, கொடி, பெயர்ப்பலகை, இவை எல்லாமே நம் ஊரில் முகங்கள்தான்.

நான் வங்கியில் குமாஸ்தா. ஒருவர் கணக்கை இன்னொருவருக்குக் காட்டாதிருப்பது என் வேலையின் பெரும்பகுதி. அப்படிக் காட்டச் சொல்லி வருகிறவர் பெரும்பாலும் அந்நியரல்ல. அண்ணன், மருமகன், பங்காளி. ரகசியம் என்பது முதலில் தெரிந்தவரிடமிருந்து காக்க வேண்டியது என்று அந்த மேஜை கற்றுக்கொடுக்கிறது.

ஆகவே திறந்த உரிமம் என்பதாலேயே ஒரு காரியம் தார்மீகமாகிவிடாது. 'யாருக்கும் சொந்தமில்லை' என்பது எளிதில் 'யாருக்கும் பொறுப்பில்லை' ஆகிவிடும். கம்பெனிக் கார் போய்விடுகிறது. இங்கேயே குடியிருந்து படமெடுப்பவர் நாளையும் அதே தெருவில் நடக்க வேண்டும். அவரை நிறுத்திக் கேட்கலாம், திட்டலாம். சமூகத் தொகுப்பின் உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட்சேபம் தெரிவிக்கப் பானோராமாக்ஸிலும் வழி உண்டு. ஆனால் திண்ணைக் கிழவியின் 'வேணாம்ப்பா' அந்த வழியாகப் போய்ச் சேராது. அதைச் சுமந்து சென்று, படம் ஏற்றிய பிறகும் செல்லுபடியாக்குவது படமெடுத்தவரின் கடமை. சுற்றிலும் பார்க்கும் காமிராவில் பிடித்திருப்பவரும் விழுகிறார். ஒளிந்துகொள்ளப் பின்பக்கம் இல்லை.

இப்படிச் செய்தால் தொகுப்பில் இடைவெளிகள் விழும். விழட்டும். நாலு திசையும் தெரியும் படத்தில் ஒரு வாசல் மட்டும் இல்லையென்றால், அங்கே ஒருவரைக் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.